எச்.ஐ.வி. உள்ளவர்களின் உடம்பில் ஒட்டுண்ணிகள் என்ன செய்கின்றன?

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் இருக்கும் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் சாண்ட்ரா ஃபோர்டு என்ற பெண் வேலை பார்த்துவந்தார். கடைகளில் கிடைக்காத சில அரிய மருந்துகளை மருத்துவர்கள் கேட்டால் அனுப்பிவைப்பது அவர் பொறுப்பு. அவற்றில் ஒன்று பென்டமிடின்; ஆப்பிரிக்கத் தூக்க நோய் போன்ற ஒட்டுண்ணி நோய்களுக்குத் தரப்படும் பழைய மருந்து. எப்போதாவது ஒருவர் கேட்பார். 1981-ன் தொடக்க மாதங்களில் அதைக் கேட்டு அடுத்தடுத்துக் கோரிக்கைகள் வந்தன. நோயாளிகள் இளைஞர்கள், எதிர்ப்புச் சக்தி குறைய அவர்களுக்குத் தெரிந்த காரணம் எதுவும் இல்லை. இதென்ன விநோதம் என்று ஃபோர்டு மேலதிகாரியிடம் தெரிவித்தார். ஜூன் 5-ம் தேதி அதே மையத்தின் வார அறிக்கையில், லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் என்ற கிருமியால் வந்த நிமோனியாவைப் பற்றி ஒரு குறிப்பு வெளியானது. பிற்பாடு எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நோயைப் பற்றிய முதல் அதிகாரபூர்வ அறிக்கை அது.

நியூமோசிஸ்டிஸை அன்றைக்கு ஒட்டுண்ணி என்றே எண்ணியிருந்தார்கள். 1988-ல் அதன் மரபுப்பொருளை ஒப்பிட்டுப் பார்த்து, இது பூஞ்சை வகை என்று இடம் மாற்றினார்கள். அது இருக்கட்டும். எச்.ஐ.வி. என்ற வைரஸை விஞ்ஞானிகள் கண்ணால் பார்ப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே அதைக் காட்டிக்கொடுத்தது, சாதாரணமாக யாரையும் தொந்தரவு செய்யாத ஒரு சின்ன உயிரி. இன்றைக்கும் பலருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவருவது இப்படித்தான். நிற்காத பேதிக்கோ வலிப்புக்கோ மருத்துவமனைக்குப் போகிறார்கள். அங்கே ஏதோ ஓர் ஒட்டுண்ணி சிக்குகிறது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் வைரஸ் இருக்கிறது.

ஒருவர் உடம்பில் எச்.ஐ.வி.யும் ஓர் ஒட்டுண்ணியும் ஒரே சமயத்தில் இருந்தால் அதை இணைத்தொற்று என்கிறார்கள். ஒட்டுண்ணி என்றதும் நமக்குக் குடற்புழுதான் ஞாபகம் வரும். மருத்துவத்தில் அந்தச் சொல் இரண்டு வேறு வேறு கூட்டங்களைக் குறிக்கும். கண்ணுக்குத் தெரியும் புழுக்கள் ஒரு கூட்டம். நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் ஒற்றைச் செல் உயிரிகள் இன்னொரு கூட்டம். மலேரியாக் கிருமி, சீதபேதி உண்டாக்கும் அமீபா எல்லாம் இதில் சேரும். எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பெரிதும் வாட்டுவது இந்த இரண்டாவது கூட்டம். ஏன் என்று புரிய, எச்.ஐ.வி. யாரைக் கொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

மேற்பார்வை இல்லாத கல்யாண வீடு

நம் ரத்தத்தில் சி.டி.4 என்ற அடையாளம் தாங்கிய வெள்ளையணுக்கள் உண்டு. கல்யாண வீட்டில் ஒரு மாமா இருப்பாரே, அவரைப் போல. அவர் சமைக்க மாட்டார், பரிமாற மாட்டார். ஆனால் எந்தப் பந்திக்குச் சாம்பார் போகவில்லை, எந்த வரிசையில் இலை போடவில்லை என்று பார்த்து ஆளை அனுப்புவது அவர்தான். சி.டி.4 அணுக்களும் கிருமியைத் தாமாகப் பெரிதாகக் கொல்வதில்லை. கொல்லக்கூடிய மற்ற அணுக்களை உசுப்பிவிடுவது அவற்றின் வேலை. எச்.ஐ.வி. அந்த மாமாவைத்தான் தீர்த்துக்கட்டுகிறது. சமையல்காரர் இருக்கிறார், பரிமாற ஆள் இருக்கிறார், பந்தி மட்டும் நடக்காது.

ஆரோக்கியமானவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1,500 வரை சி.டி.4 அணுக்கள் இருக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் இந்த எண் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை. ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள் பல, நம் உடம்பின் செல்களுக்கு உள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்பவை. ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள்களால் அவற்றை அங்கே எட்டிப்பிடிக்க முடியாது. ஒளிந்திருக்கும் செல்லையே தூண்டிவிட்டுக் கொல்ல வைக்க வேண்டும். அந்தத் தூண்டுதல் சி.டி.4-இடமிருந்து வர வேண்டியது. அதனால்தான் இந்த எண்ணைப் பார்த்தாலே எந்தக் கிருமிக்குப் பயப்பட வேண்டும் என்று மருத்துவர்களால் ஓரளவு சொல்லிவிட முடிகிறது. 500 இருப்பவருக்கு வரும் பேதி, யாருக்கும் வரும் பேதி. 50 இருப்பவருக்கு வரும் பேதி வேறு சங்கதி.

வயிற்றிலிருந்து தொடங்குவோம். எச்.ஐ.வி.யின் முதல் அடி விழுவதும் அங்கேதான். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே குடல் சுவரில் இருக்கும் சி.டி.4 அணுக்கள் பெருமளவு அழிந்துபோகின்றன. 1980-களில் உகாண்டாவில் எய்ட்ஸுக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஸ்லிம்’. பேதி நிற்காமல் ஆள் துரும்பாக இளைத்துப்போவதைப் பார்த்து வைத்த பெயர்.

1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் ஒரு சம்பவம் நடந்தது. மிச்சிகன் ஏரியிலிருந்து நீர் எடுத்துச் சுத்திகரித்து ஊருக்கு அனுப்பும் இரண்டு நிலையங்களில் ஒன்று சரியாக வடிகட்டவில்லை. குளோரின் எல்லாம் முறைப்படி போட்டுத்தான் விட்டார்கள். ஆனால் அந்த நீரில் கிரிப்டோஸ்போரிடியம், சுருக்கமாகக் கிரிப்டோ, என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி இருந்தது. குழாயில் வரும் குளோரின் அளவு இந்தக் கிருமிக்கு ஒரு பொருட்டே இல்லை. அதைச் சுற்றித் தடித்த ஓடு இருக்கிறது. சுமார் 4,03,000 பேருக்குப் பேதி கண்டது என்று மதிப்பிட்டார்கள். பெரும்பாலானோர் ஒன்றிரண்டு வாரம் அவதிப்பட்டுத் தானாகத் தேறினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் தேறவில்லை. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எய்ட்ஸ் நிலையில் இருந்தவர்கள். ஒரே தண்ணீர், ஒரே கிருமி, இரண்டு விதமான முடிவு.

காரணம் கிருமியின் வாழ்க்கைமுறையில் இருக்கிறது. கிரிப்டோ குடல் செல்லில் பெருகி, முட்டை போன்ற உருண்டைகளை உண்டாக்கும். தடித்த ஓடுள்ளவை மலத்தோடு வெளியேறி அடுத்த ஆளைத் தேடிப் போகின்றன. மெல்லிய ஓடுள்ளவை குடலுக்குள்ளேயே உடைந்து அதே ஆளை மறுபடி தொற்றுகின்றன. எதிர்ப்புச் சக்தி இருந்தால் இந்தச் சுற்று சில நாட்களில் அறுந்துவிடும். இல்லாவிட்டால் அறுக்க ஆள் இல்லை. புதிதாக ஒரு சொட்டு கெட்ட தண்ணீர் குடிக்காமலே மாதக்கணக்கில் பேதி தொடரும்.

இந்தக் கிருமியை முழுசாகக் கொல்ல நம்பகமான மருந்து இன்று வரை இல்லை. நிட்டசோக்சனைடு என்ற மருந்து ஆரோக்கியமானவர்களுக்குப் பலன் தருகிறது, சி.டி.4 மிகக் குறைந்தவர்களிடம் அது பெரிதாக எடுபடுவதில்லை. அவர்களைக் காப்பாற்றுவது எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துதான். அதை எடுத்து, வைரஸ் அடங்கி, சி.டி.4 ஏறத் தொடங்கினால் குடல் தானாகவே கிரிப்டோவை வெளியேற்றிவிடும். ஒட்டுண்ணிக்கு எதிரான மிகச் சிறந்த மருந்து, ஒட்டுண்ணியைத் தொடாத ஒரு மருந்து என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு நம்பக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

கிரிப்டோவின் பங்காளி ஒன்று உண்டு: சிஸ்டோஐசோஸ்போரா. பழைய புத்தகங்களில் ஐசோஸ்போரா. தென்னிந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் நாள்பட்ட பேதியை ஆராய்ந்தவர்கள் அடிக்கடி கண்ட கிருமிகளில் இதுவும் ஒன்று. நோயாளியைப் பார்த்து இது கிரிப்டோவா ஐசோஸ்போராவா என்று சொல்ல முடியாது; அதே தண்ணீர்ப் பேதி, அதே எடைக்குறைவு. ஆனால் இதற்குக் கோட்ரைமாக்சசோல் என்ற சாதாரண, மலிவான மாத்திரை நன்றாகக் கேட்கும். திரும்ப வரக்கூடியது என்பதால் சி.டி.4 தேறும் வரை மாத்திரையை நிறுத்தாமல் தருவார்கள். ஒன்றுக்கு மருந்தே சரியாக இல்லை, இன்னொன்று சாதாரண மாத்திரையில் அடங்குகிறது. அப்படியானால் எது என்று கண்டுபிடிப்பது முக்கியம் அல்லவா?

இங்கேதான் ஒரு சிக்கல். ‘மோஷன் டெஸ்ட்’ என்று நாம் சொல்லும் வழக்கமான மலப் பரிசோதனையில், மாதிரியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புழுமுட்டை, அமீபா எல்லாம் தெரியும். கிரிப்டோவின் உருண்டையோ 4 முதல் 6 மைக்ரான். ரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியது. சாயம் ஏற்றாமல் பார்த்தால் ஈஸ்ட் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். காசநோய்க்குச் சளியைச் சோதிக்கும்போது போடும் ஆசிட்-ஃபாஸ்ட் சாயத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால், கிரிப்டோவும் ஐசோஸ்போராவும் சிவப்பாகத் தெரியும். செலவு பெரிதில்லை, ஆனால் கேட்டால்தான் செய்வார்கள். கிருமி தினமும் ஒரே அளவில் வெளியேறுவதும் இல்லை. அதனால் வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரிகள் பார்ப்பது நல்லது. ‘நார்மல்’ என்று வந்த ரிப்போர்ட்டுக்கு, ‘நாங்கள் தேடியது எதுவும் இல்லை’ என்று மட்டும்தான் அர்த்தம். தேடாததைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பேதி என்றால் நம் ஊரில் மெடிக்கல் ஷாப்பில் மெட்ரோனிடசோல் வாங்கிப் போட்டுக்கொள்வது வழக்கம். அமீபாவுக்கும் ஜியார்டியாவுக்கும் அது சரி. மேலே சொன்ன இரண்டையும் அது ஒன்றும் செய்யாது. இரண்டு மூன்று வாரமாகப் பேதி நிற்காத ஒருவர், அட்டை அட்டையாக அதை வாங்கிச் சாப்பிடுவதைவிட ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடித்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஒரு எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்வது மேல். அங்கே அது இலவசம், ரகசியமும் காப்பார்கள்.

வெளியிலிருந்து வராதவை

கிரிப்டோ வெளியிலிருந்து புதிதாக வருகிறது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி அப்படி இல்லை. பெரும்பாலும் அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. சரியாக வேகாத இறைச்சி, பூனை மலம் கலந்த மண், அந்த மண் படிந்த காய்கறி என்று எப்போதோ உள்ளே வந்திருக்கும். உலகில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவரிடம் இது இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். வந்த புதிதில் லேசான காய்ச்சல் இருந்திருக்கலாம், அதுவும் இல்லாமல் போயிருக்கலாம். அப்புறம் மூளையிலும் தசையிலும் சின்னச் சின்னக் கூடுகளாகச் சுருண்டு, ஆயுள் முழுக்கக் கிடக்கும். அது வெளியே வராமல் காவல் காப்பது, மறுபடியும், சி.டி.4 அணுக்களும் அவை சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா என்ற பொருளும்.

சி.டி.4 100-க்குக் கீழே போகும்போது, குறிப்பாக 50-க்குக் கீழே, இந்தக் கூடுகள் உடைந்தால் அடக்க ஆள் இருக்காது. மூளையில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் புண் உண்டாகும். தலைவலி, காய்ச்சல், ஒரு பக்கக் கை கால் இழுத்துக்கொள்வது, வலிப்பு, பேச்சில் குழப்பம். ஸ்கேனில் பார்த்தால் மோதிரம் மோதிரமாகத் தெரியும். இந்திய மருத்துவர்களுக்கு இதில் கூடுதல் தலைவலி. மூளையில் வரும் காசநோய்க் கட்டியும், நாடாப்புழுவின் கூடும்கூட ஸ்கேனில் இப்படித் தெரியலாம். மூளையைத் துளைத்துச் சதை எடுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் சாத்தியமில்லை. அதனால் பல இடங்களில் முதலில் டாக்சோவுக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். இரண்டு வாரத்தில் ஆள் தெளிந்து, ஸ்கேனில் புண் சுருங்கியிருந்தால் டாக்சோதான். இல்லையென்றால் வேறு கதவைத் தட்ட வேண்டும்.

டாக்சோவுக்கு உலகம் முழுக்கப் பாடநூல் மருந்து பைரிமெத்தமின். பல பத்தாண்டுப் பழசு. 2015-ல் அமெரிக்காவில் அதன் விற்பனை உரிமையை வாங்கிய டூரிங் என்ற நிறுவனம், 13.50 டாலராக இருந்த ஒரு மாத்திரையின் விலையை ஒரே நாளில் 750 டாலராக ஏற்றியது. ஊரே காறித்துப்பியது. பைரிமெத்தமின் கிடைக்காத இடங்களில் மருத்துவர்கள் தேடிப் போவது, நாம் முன்னே பார்த்த அதே கோட்ரைமாக்சசோலைத்தான்.

இந்த மாத்திரையைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். நம் ஊர்க் கடைகளில் செப்ட்ரான், பாக்ட்ரிம் என்ற பெயர்களில் கிடைக்கும் சல்ஃபா மருந்து. சி.டி.4 குறைந்தவர்கள் தினமும் இதை எடுத்தால் நியூமோசிஸ்டிஸ் நிமோனியா தடுக்கப்படும், டாக்சோ தடுக்கப்படும், ஐசோஸ்போரா தடுக்கப்படும், மலேரியாகூடக் குறையும். ஜாம்பியாவில் எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்குத் தினமும் இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2004-ல் வெளியானது. இறப்பு 43 சதவீதம் குறைந்திருந்தது. ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் மையத்தில், கூட்டு மருந்தோடு இந்த மாத்திரையையும் கொடுக்கும்போது, ‘இது எதுக்கு, எனக்குக் காய்ச்சல் இல்லையே’ என்று சிலர் ஓரமாக வைத்துவிடுகிறார்கள். காய்ச்சல் வராமல் இருக்கத்தான் அது. சிலருக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பில் தடிப்பு வரும். அப்படி வந்தால் சொல்லாமல் நிறுத்திவிடாமல் உடனே மையத்துக்குப் போய்க் காட்ட வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது.

கருங்காய்ச்சல், அதாவது காலா அசார், தமிழர்களுக்குக் கொஞ்சம் தூரத்து உறவு. 1903-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், நோயாளிகளின் மண்ணீரலில் சில விசித்திர உருண்டைகளைக் கண்டார். அதே சமயத்தில் இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன் என்பவரும் அதையே கண்டு எழுதினார். அப்படித்தான் கிருமிக்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயர் வந்தது. மணல் ஈ கடித்துப் பரவும் இந்த நோய் இன்று இந்தியாவில் முக்கியமாகப் பீகார்ப் பக்கம் இருக்கிறது. மண்ணீரல் வீங்கி, காய்ச்சல் விடாமல், ரத்தம் வற்றி ஆளைக் கொல்லும்.

எச்.ஐ.வி.யோடு இது சேரும்போது நிலைமை மிக மோசமாகிறது. லீஷ்மேனியா வாழ்வது கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற அணுவுக்குள், எச்.ஐ.வி.யும் அதே அணுவைப் பிடிக்கும். ஒன்றுக்கு மற்றது உரம். நோய் பரவலாக உள்ள பகுதியில் வாழும் எச்.ஐ.வி. உள்ளவருக்குக் கருங்காய்ச்சல் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைந்தது நூறு மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எத்தியோப்பியாவின் வடமேற்கில், எள் அறுவடைக்காக மலைநாட்டிலிருந்து தாழ்நிலத்துக்கு இறங்கும் கூலித் தொழிலாளர்கள் இதில் அதிகம் சிக்குகிறார்கள். வயல்வெளியில் படுக்கை, மணல் ஈ அங்கேதான். வீட்டைவிட்டு மாதக்கணக்கில் பிரிந்த வாழ்க்கை, எச்.ஐ.வி.யும் அங்கேதான். ஸ்பெயினில் கதை வேறு. அங்கே 1980-90-களில் போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்களிடம் இரண்டு கிருமிகளும் சேர்ந்தே காணப்பட்டன.

சிகிச்சைக்குப் பிறகும் இது திரும்பத் திரும்ப வரும். விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும் ஆர்.கே.39 சோதனையும் ஏமாற்றலாம். எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை அது, உடம்போ எதிர்ப்பொருள் உண்டாக்கும் நிலையில் இல்லை. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரே மருந்தைத் தராமல், லைபோசோமல் ஆம்போடெரிசின் ஊசியையும் மில்டஃபோசின் மாத்திரையையும் சேர்த்துத் தரச் சொன்னது.

புழுக்களின் கணக்கு வேறு

இவ்வளவு படித்தபின், கொக்கிப்புழுவும் உருண்டைப்புழுவும் எச்.ஐ.வி. உள்ளவர்களை இன்னும் அதிகமாகப் படுத்தும் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. புழு செல்லுக்குள் ஒளிய முடியாத அளவுக்குப் பெரியது. அதைச் சமாளிக்கும் ஏற்பாடும் கொஞ்சம் வேறானது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற ஒரு புழு உடம்புக்குள்ளேயே பெருகக்கூடியது. எய்ட்ஸ் பரவினால் அதனால் கூட்டம் கூட்டமாகச் சாவு வரும் என்று ஆரம்பத்தில் பயந்தார்கள். அது நடக்கவில்லை. அந்தப் புழுவை வெறிகொள்ள வைப்பது ஸ்டீராய்டு மருந்தும், எச்.டி.எல்.வி.-1 என்ற இன்னொரு வைரஸும்தான்.

ஆனால் புழுக்கள் எதிர்த்திசையில் வேலை காட்டுகின்றன. ஆப்பிரிக்காவின் ஏரி, ஓடைகளில் குளிக்கும்போதும் துவைக்கும்போதும் தோலைத் துளைத்து ஏறும் சிஸ்டோசோமா புழு, பெண்களின் பிறப்புறுப்பில் முட்டைகளைப் படிய வைத்துப் புண்ணாக்குகிறது. அந்தப் புண் எச்.ஐ.வி.க்கு வாசல் திறந்து வைத்த மாதிரி. ஜிம்பாப்வேயில் கிராமப்புறப் பெண்களைச் சோதித்தபோது, இந்தப் புண் உள்ளவர்களிடம் எச்.ஐ.வி. சுமார் மூன்று மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. பிரசிகுவான்டல் என்ற மலிவான மாத்திரையைச் சிறு வயதிலேயே கொடுத்தால் புண் வராமல் தடுக்கலாம். பால்வினை நோய் என்று தவறாக நினைத்து அந்தப் பெண்களை ஏசி அனுப்புவதும் நடக்கிறது. மலேரியாவும் இப்படிக் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறது: எச்.ஐ.வி. இருந்தால் மலேரியா அடிக்கடி வரும், மலேரியாக் காய்ச்சலின்போது ரத்தத்தில் எச்.ஐ.வி. அளவு தற்காலிகமாக ஏறும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் உறுதியானது சென்னையில், 1986-ல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அரசு இலவசமாகக் கூட்டு மருந்து தரத் தொடங்கியதோ 2004 ஏப்ரல் 1-ம் தேதி. தொடங்கிய இடங்களில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. இடைப்பட்ட பதினெட்டு வருஷங்களில் கிரிப்டோவும் டாக்சோவும் ஆட்களைக் கொண்டுபோன வேகம் இன்று இல்லை. 2017 முதல் சி.டி.4 எவ்வளவு இருந்தாலும், எச்.ஐ.வி. உறுதியானவுடனே மருந்து தொடங்கலாம். சரியாக மருந்து எடுத்து சி.டி.4 நல்ல நிலையில் இருப்பவர் இந்தக் கட்டுரையில் உள்ள பெரும்பாலானவற்றுக்கு மற்றவர்களைவிட அதிகமாகப் பயப்பட வேண்டியதில்லை. இன்று சிக்குகிறவர்கள் இரண்டு வகை: தொற்று இருப்பதே தெரியாதவர்கள், மருந்தைப் பாதியில் விட்டவர்கள்.

சி.டி.4 இன்னும் ஏறாதவர்களுக்குச் சில விஷயங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிஷம் விட்டு இறக்குங்கள். கிரிப்டோவுக்கு அதுதான் எமன், குளோரின் மாத்திரை அல்ல. எங்கே நிரப்பியது என்று தெரியாத கேன் தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடியுங்கள். வெளியில் வெள்ளரி, வெங்காயப் பச்சடி, ஐஸ் போட்ட ஜூஸ் வேண்டாம். ஆட்டுக்கறி நன்றாக வேகட்டும். பச்சைக்கறியை நறுக்கிய பலகையையும் கையையும் கழுவாமல் வேறு எதையும் தொட வேண்டாம். குழந்தைக்குப் பேதி என்றால் கால் கழுவிவிட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுவதை மறக்கக் கூடாது. கிரிப்டோ வெளியே வந்த நொடியிலேயே தொற்றும் தகுதியோடு வருகிறது.

வீட்டில் பூனை இருந்தால்? விரட்ட வேண்டியதில்லை. பூனை மலத்தோடு வரும் டாக்சோ உருண்டைகள் பழுத்துத் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதனால் மணல் தட்டை வேறு யாரையாவது தினமும் தவறாமல் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பூனைக்குப் பச்சை மீன் தலையும் கறித் துண்டும் போடுவதை நிறுத்தி, வெந்ததையே போடுங்கள். அதற்குக் கொஞ்ச நாள் கோபம் இருக்கும்.